குடிபெயர்ந்தார் என்று நான் எழுதிய ஆள்

வாக்காளர் பட்டியல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் என் அனுதாபம். வகுப்பில் நிற்க வேண்டியவர்களின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, கையில் ஒரு பையைக் கொடுத்து, வீடு வீடாக அனுப்பிவிட்டார்கள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் காபி கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆகும். மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் போவீர்கள். திட்டுங்கள், தப்பில்லை. நானும் பதினான்கு வருஷம் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். அந்தப் பள்ளியிலேயே இருக்கும் ஒரு வாக்குச்சாவடிக்கு பூத் லெவல் ஆபீசரும் நான்தான். பேர்தான் ஆபீசர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாகப் போய், இவர் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, காலி பண்ணிக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. படிவத்தை எப்படி நிரப்புவது, செல்போனில் எதை அழுத்துவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதே தப்பைச் செய்ய உங்களுக்கும் சீக்கிரமே ஒரு வாய்ப்பு வரும்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எந்த மாடியில் ஐ.டி. பசங்கள் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், யார் மருமகள் கோபித்துக்கொண்டு ஓசூருக்குப் போயிருக்கிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த வேலைக்கு அதைவிட நல்ல குணம் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில் விமலாவின் வீடு. ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான் வீடு. விமலா பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். முதல் தடவை நான் போனபோது கதவைப் பாதி திறந்து நின்றாள். பின்னால் பத்து வயதுப் பெண் பிரியா, கையில் பென்சிலோடு.

"தனபால்னு பேர் இருக்கும்மா. வீட்டுக்காரரா? இருக்காரா?" என்றேன்.

"இல்லீங்க மிஸ். பாம்பேக்கு வேலைக்குப் போயிட்டாரு."

"எப்ப வருவாரு?"

"தெரியாது மிஸ். நாளாவும்."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பிரியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பொய் சொல்லும்போது பிள்ளைகள் எப்படிப் பார்க்கும் என்று டீச்சர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். இன்னும் நாற்பது வீடு பாக்கி. மறுபடி ஒரு நடை வந்து விசாரித்திருக்கலாம், விதியும் அப்படித்தான். நான் பேர் நீக்கும் படிவத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'குடிபெயர்ந்தார்' என்று கன்னடத்தில் எழுதி, விமலாவிடம் நீட்டினேன்.

"இது இன்னாத்துக்கு மிஸ்?"

"சும்மா, லிஸ்ட்டைச் சரி பண்றதுக்கு."

விமலாவுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். கன்னடம் நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. நம் கன்டோன்மென்ட் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். படிவத்தில் இருந்த மூன்று வரியை நான் படித்துக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. நான் தொட்டுக் காட்டிய இடத்தில் அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து இஸ்திரி வண்டிக்காரர் சொன்னார்: "பாம்பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல மிஸ். அவன் பரப்பன அக்ரஹாராவுல இருக்கான். ஜெயில்ல." என்ன பண்ணினான் என்று கேட்டேன். "அது பெரிய கதை" என்று ஆரம்பித்தார். அதற்குள் யாரோ சட்டை வாங்க வந்துவிட்டார்கள். கதை தெரியாமல் போனதே என்று எனக்கு ஒரே வருத்தம். அந்த ஆளின் பேரை எடுத்துவிட்டேனே என்று வருத்தமே இல்லை. ஜெயிலில் இருப்பவனுக்கு ஓட்டு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் போனது. ஒரு தேர்தல் அறிவித்துவிட்டார்கள். பட்டியலில் பேர் சேர்க்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அந்த நாட்களில் எங்களை வார்டு ஆபீஸ் கவுன்டரிலும் உட்கார வைப்பார்கள். முன்பகல் நேரம், நல்ல கூட்டம். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கவர் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பட்டியலின் ஒரு பக்கத்தை நகல் எடுத்து வந்திருந்தார். அதை என் பக்கத்தில் இருந்த கிளார்க் முன்னால் விரித்து வைத்தார்.

"இந்தப் பக்கத்துல என் பேரு ரெண்டு வாட்டி இருக்கு சார். விமலான்னு என் சம்சாரம். அவ பேருக்குக் கீழ, வீட்டுக்காரர் பேரு தனபால். பிரியான்னு என் பொண்ணு, இப்பதான் பதினெட்டு முடிஞ்சிது. அவ பேருக்குக் கீழ, அப்பா பேரு தனபால். என்னைத்தான் காணோம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

"எங்க போயிருந்தீங்க இத்தனை நாள்?" என்றார் கிளார்க்.

"ஜெயில்ல."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"கேஸா, தண்டனையா?"

"தண்டனை. முடிஞ்சி வெளிய வந்து ஏழு மாசம் ஆவுது."

"அப்ப ஓட்டு கிடையாதுப்பா."

"ஆமாம், கிடையாது" என்று நானும் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. டீச்சர் வாய், சும்மா இருக்காது.

அவர் என் பக்கம் திரும்பினார். "எந்தச் சட்டத்துல மிஸ்?"

அதில் குத்தலே இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்குமே, அப்படித்தான் கேட்டார். எங்கள் ரெண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கிளார்க் தப்பிப்பதற்காக அலமாரியைத் திறந்து பழைய கட்டு ஒன்றைப் பிரித்து, ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார்.

"நாங்க எடுக்கலப்பா. உங்க வீட்டுக்காரம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க, பாரு. குடிபெயர்ந்தார், பேரை எடுத்துடுங்கன்னு."

தனபால் அதை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தார். கன்னடம் படிக்க ஜெயிலில் கற்றுக்கொண்டாராம், பிறகு தெரிந்தது. கடைசியில் கையெழுத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விமலா கையெழுத்துதான்" என்றார். தன் நகலை மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டு, போய்விட்டார்.

அந்தப் படிவத்தில் கையெழுத்து மட்டும்தான் விமலாவுடையது. மற்றதெல்லாம் என் எழுத்து. கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய குண்டு எழுத்து, எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கா தெரியாது? அந்த ஆள் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

தப்பை ஒத்துக்கொள்வது கஷ்டம், கேள்வி கேட்பது சுலபம். அதனால் முதலில் அவருடைய கேள்வியோடு புறப்பட்டேன். தண்டனை வாங்கியவருக்கு ஓட்டு உண்டா, இல்லையா? கிளார்க்கை மறுபடி கேட்டேன். ஆயுசுக்கும் கிடையாது என்றார். ஆபீஸ் வாசலில் மேஜை போட்டிருக்கும் நோட்டரி வக்கீலைக் கேட்டேன். வெளியே வந்து ஆறு வருஷம் கழித்துத்தான் என்றார். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால் சட்டத்தை அவரே எழுதியதுபோல் இருந்தது. டீக்கடையில் நின்ற போலீஸ்காரரைக் கேட்டேன். "கோர்ட்டுல தனியா ஆர்டர் வாங்கணும் மேடம்" என்றார். மூன்று பேர், மூன்று சட்டம். மூன்று பேருக்கும் துளிச் சந்தேகம் இல்லை.

நாலாவதாக எங்கள் மேலதிகாரியிடம் போனேன். பதினைந்து வருஷமாகத் தேர்தல் பிரிவில் அதே நாற்காலியில் இருந்தவர். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். எங்கள் பேச்சு கன்னடத்தில்தான் நடந்தது, உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றார்.

என் சர்வீஸில் ஓர் அதிகாரி வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

"யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. இருங்க, பார்ப்போம்" என்று இடது கையால் இழுப்பறையைத் திறந்து தடிமனான கையேட்டை என் முன்னால் போட்டார். அவர் சாப்பிடச் சாப்பிட நான் பக்கம் புரட்டினேன். கிடைத்ததைப் படிக்கப் படிக்க ரெண்டு பேருக்குமே ஆச்சரியம். அவர் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு என் பக்கம் வந்து நின்று படித்தார்.

விஷயம் இதுதான். ஜெயிலுக்குள் இருக்கும்போது ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்தவர் போடலாம். தனி உத்தரவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். வக்கீல் சொன்ன ஆறு வருஷம் தேர்தலில் நிற்பவர்களுக்கு; நிற்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஓட்டுக்கு லஞ்சம், அடுத்தவர் பேரில் ஓட்டு என்பது மாதிரியான தேர்தல் குற்றங்களுக்குத் தண்டனை வாங்கியிருந்தால் சில வருஷம் ஓட்டு இல்லை. இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருந்தது. ஒருவர் ஜெயிலில் இருக்கிறார் என்பதற்காகப் பட்டியலிலிருந்து அவர் பேர் போகக் கூடாது. ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். பேர் அவர் வீட்டு விலாசத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். "சார், அந்த நீக்கல் படிவம் நான் எழுதினது" என்றேன். பிரியாவின் முகம் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் யோசித்தார். "அவர்கிட்ட புதுசா ஒரு படிவம் வாங்கிட்டு வாங்க. நாளைக்கே சேர்த்துடலாம். பழசைச் சும்மா எதுக்குக் கிளறணும்? நீங்க எழுத்துல ஒத்துக்கிட்டா உங்க மேல மெமோ வரும். ரிட்டயர் ஆக மூணு வருஷம்தானே இருக்கு?"

நல்ல மனுஷர். என் நல்லதுக்குத்தான் சொன்னார். புதுப் படிவம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, பழையதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு, கவுன்டர் வேலை முடிந்ததும் அந்தச் சந்துக்குப் போனேன்.

தனபால் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி திணித்த ஒரு பை. உள்ளே விமலா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரியா கட்டிலில்.

"ஊருக்கா?" என்றேன். மூக்கு நுழைந்துவிட்டது.

"சந்தாபுராவுக்கு, ஓசூர் போற வழில. ஒரு கம்பெனில வாட்ச்மேன் வேலை இருக்கு, தங்க ரூம் குடுக்கறாங்க. இத்தனை நாள் வேணாம்னு சொல்லிட்டிருந்தேன். இங்க என்னை வேணாம்னு எட்டு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்க, எனக்குத்தான் தெரியல."

"நான் எதுவும் எழுதிக் குடுக்கலன்னு மத்தியானத்துலருந்து சொல்றேன்" என்றாள் விமலா. அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்தக் கையெழுத்து, எப்ப போட்டேன், ஒண்ணும் தெரியல எனக்கு."

நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிய பொய் அன்று என் கண் முன்னாலேயே உண்மையாகிவிடப் பார்த்தது. இன்னும் ஐந்து நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மனிதர் நிஜமாகவே குடிபெயர்ந்துவிடுவார். என் படிவம் சரியான படிவமாகிவிடும். யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. இதை அந்த வாசலில் நின்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் ஒருநாள் நினைப்பீர்கள்.

"அது நான் எழுதினது" என்றேன். "விமலாவுக்கு அதுல என்ன இருக்குன்னே தெரியாது. கன்னடத்துல இருந்துச்சு. நான் படிச்சுக் காட்டல. லிஸ்ட் சரி பண்றதுக்குன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்."

தனபால் கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். ஆனால் முதலில் பேசியது விமலாதான். எழுந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"பாம்பேன்னு சொன்னேன். பொய்தான். பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா, வேற இன்னா சொல்றது? நீங்க அதை நம்புனீங்களா மிஸ்? இந்தச் சந்துல யார் வூட்டுல இன்னா கொழம்புன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க நம்புனீங்களா?"

"இல்ல" என்றேன்.

"அப்புறம் ஏன் எழுதுனீங்க?"

பிறகு வந்த மெமோவில்கூட இதை இவ்வளவு கச்சிதமாகக் கேட்கவில்லை. சீக்கிரம் முடிய வேண்டும் என்றுதான் எழுதினேன், வேறு காரணமே இல்லை. அதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது அவமானமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

கட்டிலிலிருந்து பிரியா மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அப்பவே தெரியும்மா. ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்." விமலா திரும்பி மகளைப் பார்த்தாள். எட்டு வருஷமாக அம்மா காப்பாற்றிய ரகசியம் அது.

"இதை எழுத்துல குடுப்பீங்களா மிஸ்?" என்றார் தனபால்.

அதைத்தான் கொடுக்கக் கூடாது என்று நினைத்து வந்தேன். மேலதிகாரி சொன்ன மூன்று வருஷம், பென்ஷன், எல்லாம் மனசில் ஓடியது. ஆனால் எழுத்தில் வந்த தப்பு வாய்வார்த்தையில் போகாது. அவர் கேட்டது நியாயம். பிரியாவிடம் நோட்டுப் புத்தகத்தில் தாள் வாங்கி, நடந்ததைக் கன்னடத்தில் எழுதினேன், ஆபீசுக்கு. அதையே தமிழில் இன்னொரு தாளில் எழுதினேன், விமலாவுக்கு. இந்தத் தடவை சத்தம் போட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு புதுப் படிவத்தை எடுத்தேன். தானே நிரப்புவதாகச் சொல்லி தனபால் வாங்கிக்கொண்டார். பேர், வயது, விலாசம் எல்லாம் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். மறுபடி பின்பக்கம்.

"எங்க எழுதணும் மிஸ்?"

"எதை?"

"ஜெயில்ல இருந்ததை."

"அதுக்கு இடம் இல்லைங்க. இதுல அதைக் கேக்கறதில்லை."

அவர் நம்பவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் மூன்று கம்பெனி ஏறி இறங்கினாராம், மூன்றிலும் அதைத்தான் முதலில் கேட்டார்களாம். சிம் கார்டு வாங்கப் போன இடத்தில்கூடக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனாராம். "கேக்காத ஃபாரமும் இருக்கா?" என்று படிவத்தை இன்னொரு தரம் மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு பிளாஸ்டிக் கவரை என் பக்கம் தள்ளினார். "தீர்ப்புக் காப்பி, ரிலீஸ் பேப்பர் எல்லாம் இதுல இருக்கு. பாத்துக்குங்க."

எட்டு வருஷமாக எனக்குத் தெரியாத கதை, என் கைக்கு எட்டும் தூரத்தில். கை தானாகக் கவருக்குப் போனது, ஆசையில்தான். சட்டம் எனக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் கொடுத்திருந்தது. அதை மட்டும் கேட்டேன்.

"நீங்க உள்ள போனது தேர்தல் சம்பந்தப்பட்ட கேஸா? கள்ள ஓட்டு, அந்த மாதிரி?"

தனபால் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "நான் நல்ல ஓட்டே ரெண்டு வாட்டிதான் மிஸ் போட்டிருக்கேன். அதுவும் ஒரு வாட்டி பிரியாணிப் பொட்டலத்துக்கு."

பிரியாணி வாங்குவதும் குற்றம்தான். ஆனால் அதற்கு அவர் தண்டனை வாங்கவில்லை, எனக்கும் அந்தப் பக்கம் காது கொஞ்சம் மந்தம். கவரைத் திருப்பி அவரிடமே தள்ளினேன். அவர் என்ன குற்றம் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இஸ்திரி வண்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நாக்கு அரிக்கும். கேட்டதில்லை. நம் மூக்கை எங்கே நுழைக்க வேண்டும், எங்கே கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். படிவம் கேட்பதை முழுக்கக் கேளுங்கள், கேட்காததைக் கேட்காதீர்கள். நான் ரெண்டையும் தலைகீழாகச் செய்தவள்.

கடைசியாக, அவர் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று நான் விசாரித்து எழுத வேண்டும். விமலாவைப் பார்த்தேன்.

"இவர் இங்கதான் இருக்காரா?"

விமலா வாசலில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "அதை அவரைத்தான் கேக்கணும் மிஸ். நான் எப்பவும் இங்க இருக்காருன்னுதான் சொல்லுவேன்."

தனபால் குனிந்து ஷூவைக் கழற்றினார். "எழுதிக்குங்க மிஸ்" என்றார்.

என் கடிதத்தைப் படித்த மேலதிகாரி பெருமூச்சு விட்டார். அதையும் படிவத்தையும் அன்றைக்கே மேலே அனுப்பிவிட்டார். பட்டியலின் பின்னால் சேர்க்கும் துணைப் பட்டியலில் தனபாலின் பேர் வந்தது. அவர் சொன்னபடி எனக்கு மெமோவும் வந்தது. சர்வீஸில் நல்லாசிரியர் விருது எதுவும் வராத எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பேர் போட்டு வந்த ஒரே காகிதம் அதுதான். பதில் எழுதினேன். ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெமோவுக்குப் பயந்து நீங்கள் யாருடைய வாழ்க்கையையும் தப்பாக எழுதி வைக்காதீர்கள்.

ஓட்டு அன்று பள்ளி வாசலில் வாக்காளர்களுக்கு உதவும் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். உள்ளே ஒரு கட்சி ஏஜென்ட், "இவன் ஜெயிலுக்குப் போனவன் சார், இவனுக்கு எப்படி ஓட்டு?" என்று ஆரம்பித்தது எனக்கு வாசல் வரை கேட்டது. எழுந்தே விட்டேன். அதற்குள் உள்ளே இருந்த தேர்தல் அதிகாரி, "லிஸ்ட்ல பேர் இருக்கா? இருக்கு. கார்டுல முகம் இவர்தானா? ஆமா. அப்புறம் என்ன, வழி விடுங்க" என்றார். யாரோ எந்த ஊரோ, அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும்.

ஓட்டுப் போட்டுவிட்டு தனபால் நேராக என் மேஜைக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, பரவாயில்லைங்க என்ற வார்த்தையை நான் வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வைத்தார். நான்கு பேர்களும் வீட்டு எண்களும் அதில் இருந்தன.

"எல்லாம் நம்ம சந்து, அடுத்த சந்து ஆளுங்க மிஸ். உள்ள என்கூட இருந்தாங்க, இன்னும் இருக்காங்க. இவங்க பேரு லிஸ்ட்ல இருக்கான்னு கொஞ்சம் பாத்து வைங்க. வெளிய வந்தா இவங்களும் தேடுவாங்க."

கூட்டம் குறைந்ததும் பார்த்தேன். ஒருவர் பேர் இருந்தது. மூன்று பேருடையது இல்லை. மறுநாள் ஆபீசில் பழைய கட்டைப் பிரித்தேன். மூன்று படிவத்திலும் காரணம் 'குடிபெயர்ந்தார்' என்றே இருந்தது. மூன்றும் என் குண்டு எழுத்து. தனபாலுக்கு நான் செய்ததை ஒரு தடவை நடந்த தப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்தல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த மூவரில் முதல் ஆளின் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் கதவைத் திறந்தாள். என் கழுத்து அட்டையைப் பார்த்ததுமே முகம் மாறியது. பட்டியலில் பேர் விட்டுப்போயிருக்கிறது, விசாரிக்க வந்தேன் என்று அவள் புருஷன் பேரைச் சொன்னேன்.

"அவரு துபாய்ல இருக்காருங்க மிஸ்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இருக்கட்டும்மா. நான் அதைக் கேக்கல. அவருக்கு வீடு இதுதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இதுதான் மிஸ். வேற எது?"

எழுதிக்கொண்டேன். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.